நாற்பத்தெட்டுப் பேரின் சதுரம்

கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்த வாரம். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து பதிப்பகத்து ஆசிரியர் போனில் கூப்பிட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஒன்பதாவது அத்தியாயத்தை எடுத்துடலாமா?" என்றார்.

ஈரப் புடவையைத் தோளில் போட்டபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஐரோப்பியப் போர்முறைகளைப் பற்றிப் பொது வாசகருக்காக ஒரு புத்தகத்தை ஏழு மாதமாக எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்பதாவது அத்தியாயம், நெப்போலியன் காலத்துக் காலாட்படை எப்படி அணிவகுத்தது, அதற்கு எப்படிப் பழகியது என்பதைச் சொல்வது. பழைய பயிற்சிக் கையேடுகளை வரிக்கு வரி படித்து, தமிழாக்கி, சேர்த்துக் கட்டியிருந்தேன். புத்தகத்திலேயே நான் அதிகம் உழைத்த பகுதி அதுதான்.

"ஏன்?" என்றேன்.

"புரியல. மூணு வாட்டி படிச்சுட்டேன். இந்த இடத்தைக் கேளுங்க. 'முதல் கம்பெனி நிற்க, இரண்டாம் மூன்றாம் கம்பெனிகள் பாதியாகப் பிரிந்து வெளிப்புறம் திரும்ப, கடைசிக் கம்பெனி நெருங்கி வந்து பின்பக்கம் பார்த்து நிற்க, சதுரம் அமையும்.' எப்படிங்க அமையும்? நீங்க பாத்தீங்களா?"

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை நான் எங்க பாக்கறது?"

"மனசுலயாவது பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. வார்த்தைகளை ஒரு கரையிலிருந்து எடுத்து மறு கரையில் இறக்கிவைத்திருந்தேன், அவ்வளவுதான்.

"எடுக்காதீங்க. ஜனவரி கடைசி வரைக்கும் டைம் குடுங்க. பாத்துட்டு எழுதறேன்" என்றேன்.

"எப்படிப் பாப்பீங்க?"

"தெரியல. ஆனா பாப்பேன்."

நான் அப்படி அடித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எட்டு வருடங்களுக்கு முன்பு, மொழிபெயர்ப்பை மட்டும் நம்பிப் பிழைக்கத் தொடங்கியிருந்த நாளில், பூச்சிமருந்து ஒன்றின் உபயோகக் குறிப்பைத் தமிழாக்கிக் கொடுத்தேன். கலக்கும் அளவு சொல்லும் வாக்கியம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இருந்தாலும் தமிழில் ஓட்டமாக வந்துவிட்டது, அனுப்பிவிட்டேன். கீழ்பென்னாத்தூரில் என் சித்தப்பா, மகள் எழுதியது என்று ஊரெல்லாம் காட்டிவிட்டு, அதன்படியே கலந்து அடித்தார். அரை ஏக்கர் வேர்க்கடலைச் செடி கருகிப்போனது. சித்தி வாசலிலேயே என்னை நிறுத்திவைத்துக் கேட்டாள்: "எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாட்டியாவது கையால கலக்கிப் பாத்தியா?" அன்றிலிருந்து எனக்குப் புரியாத வாக்கியம் எதுவும் என் கையைவிட்டுப் போகக்கூடாது என்று இருந்தேன். அந்த வைராக்கியம் ஒன்பதாவது அத்தியாயத்தில் தவறிவிட்டிருந்தது.

முதலில் சாப்பாட்டு மேசையில் முயன்றேன். ஒரு கம்பெனிக்கு, அதாவது ஒரு படைப்பிரிவுக்கு, மொச்சை, ஒன்றுக்குக் கொண்டைக்கடலை, ஒன்றுக்குப் பட்டாணி, ஒன்றுக்குத் துவரை. அந்தக் காலத்துத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டித்துச் சுடுவதற்குள் எதிரி வெகுதூரம் வந்துவிடுவான். குறியும் நிச்சயமில்லை. அதனால் தோளோடு தோள் நின்று எல்லோரும் ஒன்றாகச் சுட வேண்டும். சுடுவதற்கு அகலமாக நிற்கும் கிடைவரிசை. நடந்து போவதற்குக் கம்பெனி பின்னால் கம்பெனியாக நெடுவரிசை. குதிரைப்படை பாய்ந்து வந்தால் நாலு பக்கமும் கத்திமுனை நீட்டிய சதுரம். அறுநூறு, எழுநூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியன், குதிரை வந்து சேருவதற்குள் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியாக வேண்டும். மாறாவிட்டால் சாவு. ஐரோப்பாவில் மட்டுமல்ல, இதே ஆற்காட்டு மண்ணிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் இதையேதான் வெயிலில் நின்று பழகினார்கள்.

மேசைமேல் சதுரம் அழகாக வந்தது. ஆனால் வாக்கியம் வரவில்லை. மொச்சைக்கு விரல் நுனியால் வழிகாட்டியது நான்தானே. மொச்சைக்குத் தோள் கிடையாது, பக்கத்து மொச்சையை அது இடிக்காது, பின்தங்காது. நாலு நாள் இப்படிப் போனபிறகு எல்லாவற்றையும் ஊறவைத்துச் சுண்டல் செய்துவிட்டு, ஹவில்தாரைத் தேடிப் போனேன்.

ஹவில்தார் என்பது எங்கள் பகுதியில் எல்லோரும் அவரைக் கூப்பிடும் பெயர். இருபத்திரண்டு வருடம் காலாட்படையில் இருந்துவிட்டு, இப்போது செங்கம் சாலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் வாசலில் காவலுக்கு இருக்கிறார். வீடு அடி அண்ணாமலையில். நான் பால் வாங்கப் போகும்போது தலையசைப்பார், அதற்குமேல் பழக்கமில்லை.

என் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நாங்க செஞ்சது இல்லம்மா. மெஷின் கன் வந்ததும் இதெல்லாம் போயிடுச்சி. கும்பலா நின்னா ஒரே வாரு வாரிடும்."

"திரும்பறது தெரியுமில்ல சார்? வரிசையா, கலையாம?"

"அது தெரியாமயா? உள்பக்கம் நிக்கறவன் நின்ன எடத்துலயே காலை எடுத்து வெப்பான். வெளிப்பக்கம் இருக்கறவன் எட்டி நடப்பான். கதவு தொறக்கற மாதிரி." கையை முழங்கையிலிருந்து வீசிக் காட்டினார். "ஆனா நீங்க கேக்கற சதுரத்துக்கு ஆள் வேணுமே. கம்மியா நாப்பது, அம்பது பேராவது."

"அம்பது பேருக்கு நான் எங்க போவேன்?"

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஊர் ஸ்கூல் கிரவுண்டுக்கு வாங்க. ஆள் இருக்குது. கேக்க வேண்டியது என்னை இல்ல, எங்க வீட்டம்மாவ" என்றார்.

அவர் மனைவி, ஊரிலுள்ள மூன்று மகளிர் குழுக்களுக்கும் சேர்த்துத் தலைவி. எல்லோருக்கும் தலைவியக்கா. குடியரசு தினத்தன்று மாவட்ட மைதானத்து அணிவகுப்பில் கடைசியாக மகளிர் குழுக்களும் நடந்து போவது வழக்கம். போன வருடம் இவர்கள் நடந்தபோது கால் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் கூட்டம் சிரித்திருக்கிறது. யாரோ அதைப் படம் பிடித்து எல்லோர் போனுக்கும் அனுப்பியும் விட்டார்கள். இந்த வருடம் சரியாக நடந்தே தீருவது என்று தலைவியக்கா நாற்பத்தெட்டுப் பேரைச் சேர்த்து, கணவரைப் பயிற்சிக்கு இழுத்து வைத்திருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "இதப் பழகினா எங்க நடை கெட்டுப்போகுமா, நல்லா வருமா?"

ஹவில்தார், "நல்லா வரும். இது வந்துடுச்சின்னா மத்ததெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றார்.

"அப்படின்னா கடைசி அரைமணி நேரம் உங்களுது, அக்கா" என்றாள் என்னிடம்.

நாற்பத்தெட்டுப் பேர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர்கள். கம்பெனிக்குப் பன்னிரண்டு பேராக நாலு கம்பெனி. ஒவ்வொரு கம்பெனியும் முன்னால் ஆறு, பின்னால் ஆறு என்று இரண்டு வரிசை. முதல் இரண்டு ஞாயிறும் நடையிலேயே போயின. சேலைக் கொசுவம் காலைத் தட்டியதால் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சாதாரண நடை நிமிடத்துக்கு எழுபத்தைந்து அடி என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டிக் காட்டினேன். "இது சாமி பொறப்பாடு மாதிரி இல்ல இருக்குது" என்று சிரித்தார்கள். சிரித்தாலும் அந்த நிதானத்தில்தான் கால் ஒன்றுசேர்ந்தது. பக்கத்திலிருப்பவளின் முழங்கை தன் முழங்கையில் உரசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அதைச் சொன்னபிறகு யாரும் யார் காலையும் குனிந்து பார்க்கவில்லை.

பள்ளி மதில்மேல் அவர்களுடைய வீட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சத்தமாகவே கேலி செய்தார்கள்.

மூன்றாவது ஞாயிறு, சதுரம் போட்டுப் பார்க்கும் நாள். ஹவில்தார் மதிலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சிரிக்கறவங்க எல்லாம் எறங்கி வாங்க. நீங்கதான் குதிர."

இருபது பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் போய் நின்றார்கள். பெண்களின் கையில் ஆளுக்கொரு சோளத்தட்டை. துப்பாக்கிமுனைக் கத்திக்குப் பதிலாக. நெடுவரிசை நடந்து வந்தது. ஹவில்தார் கத்தினார். முதல் கம்பெனி நின்றது. இரண்டும் மூன்றும் பாதியாகப் பிரிந்து, இடப்பாதி இடப்புறமும் வலப்பாதி வலப்புறமும் கதவு போலத் திரும்பின. கடைசிக் கம்பெனி முன்னேறி வந்து திரும்பி நின்றது. தூரத்திலிருந்து பார்த்தபோது எனக்கு அது சதுரமாகத்தான் தெரிந்தது. "வந்துடுச்சி!" என்று கைதட்டினேன்.

ஆண்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். வலப்பக்கத்தில் இரண்டாம் கம்பெனி முடிந்து மூன்றாம் கம்பெனி தொடங்கும் இடத்தில், ஒரு ஆள் படுத்து உருளும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அது என் கண்ணில் படவில்லை. ஓடி வந்தவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. நாலைந்து பேர் நேராக அதற்குள் பாய்ந்தார்கள். ஒருவர் நிறுத்த முடியாமல், ஓட்டைக்குப் பக்கத்தில் நின்ற இட்லிக்கடையக்காவை இடித்துத் தள்ளினார். அவள் கையை ஊன்றி விழுந்தாள்.

கிரிவலப் பாதையில் பதினைந்து வருடமாக இட்லிக்கடை நடத்துபவள் அவள். வலது மணிக்கட்டு கண்முன்னே வீங்கியது. ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எலும்பு முறியவில்லை, பிசகுதான் என்று தெரிந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனாலும் மாவு கரைக்கிற கை. ஒரு புத்தகத்தின் ஒரு பத்திக்காக ஒரு பெண்ணின் கையை உடைக்கப் பார்த்தேனே என்று மதியம் முழுவதும் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கையில் கட்டுடன் கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், இடது கையால்.

"மன்னிச்சிடுங்கக்கா. இத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே."

"நான் ஏன் விழுந்தேன்? ஓட்ட இருந்துச்சி, விழுந்தேன். ஓட்டைய அடைக்கறத வுட்டுட்டு, நிறுத்தறேன்றீங்க." கீரைக் காம்பை ஓரமாக எறிந்தாள். "மதிலு மேல குந்திக்கினு சிரிச்சாங்களே, அவங்களுக்குத்தான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும். அந்த ஓட்ட எப்படி வந்துச்சின்னு பாருங்க மொதல்ல. அத்த விட்டுட்டு மன்னிப்பு கேக்க வந்துட்டீங்க."

அவள் மருமகள் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்தபோது, நிறுத்துகிற பேச்சு என்னிடம் மிச்சம் இல்லை.

திங்கட்கிழமை காலையில், பள்ளி திறப்பதற்கு முன், ஒரு கயிறும் ஒரு பை சுண்ணாம்புத்தூளுமாக மைதானத்துக்குப் போனேன். ஒரு பெண் நிற்க எவ்வளவு அகலம் வேண்டும் என்று தலைவியக்காவை நிறுத்தி அளந்தேன். ஆறு பேர் அகலத்துக்கு முதல் கம்பெனியைக் கோடாகப் போட்டேன். அதற்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. பிறகு இரண்டாம் கம்பெனியின் வலப்பாதி, மூன்று பேர், வலக்கோடியைக் கீலாக வைத்துத் திரும்பினால் எங்கே வந்து நிற்கும் என்று கயிற்றைச் சுழற்றிப் பார்த்தேன்.

கயிற்றின் நுனி முதல் கம்பெனிக் கோட்டைத் தாண்டிப் போனது. இடைவெளி கம்மி. அழித்துவிட்டுக் கோட்டைப் பின்னால் தள்ளிப் போட்டேன். இப்போது நுனி எட்டவே இல்லை, நடுவில் ஓட்டை. மறுபடி அழித்தேன். எத்தனை தடவை என்று நினைவில்லை, முழங்கைவரை சுண்ணாம்பு. கடைசியில் இடைவெளியைச் சரியாக மூன்று பேர் அகலத்துக்கு வைத்தேன். கயிற்றின் நுனி முதல் கம்பெனியின் ஓரத்தில் போய் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்றாம் கம்பெனியின் பாதி சுழன்று இரண்டாம் கம்பெனி விட்ட இடத்தில் வந்து ஒட்டியது. நாலாவது கம்பெனி மூன்று பேர் அகலம் முன்னால் வந்து திரும்பினால் பின்பக்கம் மூடிவிடும்.

மூன்று பேர். ஒரு கம்பெனியின் அகலத்தில் பாதி.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்த அத்தியாயத்தை எடுத்துப் புரட்டினேன். சதுரம் போடுவதற்கு முன் நெடுவரிசை எப்படி நிற்க வேண்டும் என்று மூல நூலில் 'அரைத் தூரம்' என்ற பொருளில் இரண்டே சொற்களில் இருந்தது. அதை நான் 'பாதி வழியில்' என்று எழுதியிருந்தேன். படை பாதி வழி போனதும் சதுரம் போடும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது வழியே இல்லை. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவில் இருக்க வேண்டிய அரை இடைவெளி. அந்த ஒரு தப்புதான் ஆசிரியருக்குப் புரியாமல் போனது. அதே தப்புதான் இட்லிக்கடையக்காவின் மணிக்கட்டு.

வேலைக்குப் போகும் வழியில் ஹவில்தார் எட்டிப் பார்த்தார். கோடுகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"கணக்கு சரிதாம்மா" என்றார். "ஆனா நடக்க ஆரம்பிச்சா இந்த இடைவெளி நிக்காது. முன்னாடி ஒரு அடி தாமசம் ஆனா பின்னாடி இருக்கறவங்க வந்து குவிஞ்சிடுவாங்க. அப்புறம் புடிக்கறதுக்கு ஓடுவாங்க. ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து விடும்."

"அப்ப என்ன பண்றது?"

"ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓரத்துல ஒரு ஆள். அவங்க வேல நடக்கறது மட்டும் இல்ல. முன்னாடி கம்பெனி ஓரத்து ஆளையே பாத்துக்கினு இருக்கணும். இடைவெளிதான் அவங்க பொறுப்பு."

கையேட்டிலும் அதுதான் இருந்தது. அதையும் ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன்.

அடுத்த ஞாயிறு இட்லிக்கடையக்கா கட்டுப்போட்ட கையுடன் வந்து நின்றாள். வரிசையில் நிற்க வேண்டாம் என்று தலைவியக்கா தடுத்தாள். "வரிசையில வேணாம்னா ஓரத்துல நிக்கறேன். மூணாவது கம்பெனி இடைவெளிய நான் பாத்துக்கறேன்" என்றாள். அதனால் மூன்றாம் கம்பெனியில் அவள் இடம் காலியானது. ஹவில்தார் என்னைப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்வரிசையில் வலது ஓரத்திலிருந்து இரண்டாவதாகப் போய் நின்றேன்.

உள்ளே நின்றபிறகுதான் தெரிந்தது, ஒன்றுமே தெரியாது என்பது. முன்னால் இரண்டாம் கம்பெனியின் முதுகுகள். ஒரு மல்லிகைச் சரம், ஒரு ரவிக்கையில் ஊக்கு, அவ்வளவுதான். எங்கே போகிறோம், எவ்வளவு போனோம், எதிரே யார் வருகிறார்கள், எதுவும் தெரியாது. இரண்டு முழங்கைகளும் ஹவில்தாரின் குரலும்தான் உலகம். ஏழு மாதமாக நான் இந்தப் படைகளை வானத்திலிருந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே நின்றவன் ஒருநாளும் தன் சதுரத்தைப் பார்த்திருக்க மாட்டான்.

அன்று ஐந்து தடவை செய்தோம். ஐந்திலும் எங்காவது இடித்தது அல்லது பிளந்தது. "மறுபடி" என்பார் ஹவில்தார். "மறுபடி" என்பாள் தலைவியக்கா. யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு முந்தின ஞாயிறும் அப்படியே. பிறகு யாரும் கேட்காமலேயே புதன், வெள்ளி காலைகளிலும் கூடினார்கள். இட்லிக்கடையக்கா இடைவெளி குறையும்போதெல்லாம் "ஒட்டாத, ஒட்டாத!" என்றும், கூடும்போது "எட்டி வையி!" என்றும் கத்துவாள். மற்ற ஓரத்து ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

குடியரசு தினத்துக்கு முந்தின ஞாயிறு, இருபது ஆண்களும் மறுபடி அந்தக் கோடியில் போய் நின்றார்கள்.

நடந்தோம். குரல் வந்தது. என் வலப்பக்கம் நின்றவள் அப்படியே நின்ற இடத்தில் காலை எடுத்து வைக்க, நான் சின்ன அடியாக, எனக்கு இடப்பக்கம் நின்றவள் பெரிய அடியாகத் திரும்பினோம். இடது முழங்கை ஒரு கணம் காற்றில் நின்றது. பிறகு அதற்கப்பால் யாரோ வந்து இடித்து நிற்கும் அதிர்வு எங்கள் மூவர் தோளிலும் ஓடியது. இரண்டாம் கம்பெனியின் ஓரம். ஒட்டிவிட்டது. "உக்காரு!" என்று குரல். முன்வரிசை ஒற்றை முழங்காலில் அமர்ந்தது. சோளத்தட்டைகள் சாய்ந்து நீண்டன. பின்வரிசையின் தட்டைகள் எங்கள் தலைக்கு மேல்.

ஆண்கள் ஓடி வந்தார்கள். இந்த முறை நான் அவர்களை நேருக்கு நேர் பார்த்தேன். சோளத்தட்டையால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இருந்தும் நாலைந்து அடி தள்ளியே அவர்கள் கால் தானாகக் குறைந்தது. இருபது பேரும் பக்கவாட்டில் பிரிந்து, சதுரத்தைச் சுற்றி ஓடி, ஓட்டை தேடினார்கள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு இட்லிக்கடையக்காவை இடித்தவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்டா வர்றது?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

சதுரத்துக்குள்ளிருந்து நாற்பத்தெட்டுப் பேரின் சத்தம் கிளம்பியது. அதில் என் குரலும் இருந்தது.

எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோர் குடிக்கும்போது இட்லிக்கடையக்கா கேட்டாள். "சரிக்கா, குதிர திரும்பிப் போயிடும். அப்புறம்?"

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்புறம் பீரங்கி வரும். சதுரம் அடர்த்தியா நிக்குதில்ல. ஒரு குண்டு விழுந்தா பல பேர் சாவாங்க. கலைஞ்சி ஓடலாம்னா குதிர பக்கத்துலயே காத்துக்கினு இருக்கும். அதனால கலைய முடியாது."

"நின்னுக்கினேவா செத்தாங்க?"

"ஆமாம். ஒருத்தர் விழுந்தா பக்கத்துல இருக்கறவங்க நகந்து அந்த எடத்த மூடணும். அதுக்குன்னு ஒரு கட்டளையே இருக்குது. அதையும் பழக்குவாங்க."

ஒருத்தி தன் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். தலைவியக்கா சொன்னாள்: "அத எழுதாம வுட்றாதீங்க. நம்ம குதிரைய நிறுத்தினத மட்டும் எழுதினீங்கன்னா அது பொய்யி."

அன்று வீட்டுக்கு வந்து பழைய ஒன்பதாவது அத்தியாயத்தை முழுவதும் அழித்தேன். மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை எழுதினேன். இந்த முறை சதுரத்தை உள்ளே இருந்து எழுதினேன்: முதுகுகள், முழங்கைகள், அரை இடைவெளி, அதைக் காக்கும் ஓரத்து ஆள். கடைசி இரண்டு பக்கம், விழுந்தவர் இடத்தை மூடி நிற்பதைப் பற்றி.

குடியரசு தினத்தன்று மைதானத்தில் அவர்களுடைய முறை காவல்துறை, பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் பிறகு வந்தது. சதுரம் எதுவும் கிடையாது. மேடைக்கு முன் ஒரு திருப்பம், ஒரு வணக்கம், அவ்வளவுதான். ஆறாறு பேராக எட்டு வரிசை. திரும்பும் இடத்தில் உள்ளே இருந்தவள் நின்ற இடத்தில் காலை எடுத்து வைக்க, வெளியே இருந்தவள் எட்டி வைக்க, ஒரு வரிசைகூட வளையவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் தன் மனைவியிடம், "இவங்க லேடீஸ் போலீஸா?" என்று கேட்டார். நான் கைதட்டிக்கொண்டே இருந்தேன்.

அத்தியாயத்தை மறுநாள் அனுப்பினேன். நாலு நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தானும் கோடு போட்டுப் பார்த்ததாகச் சொன்னார்.

"மூணு பேர் அகலம். சரியா வந்து ஒட்டிக்குது" என்றார். பிறகு, "அந்தக் கடைசி ரெண்டு பக்கம் படிச்சதும் எழுந்து வெளிய போயிட்டேங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது" என்றேன்.

"மாத்தல."

பத்தாவது அத்தியாயம், பீரங்கி இழுக்கும் வண்டிகள் சேற்றில் சிக்கினால் எப்படித் தூக்கினார்கள் என்பது. அதையும் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன். எடுத்து ஒருமுறை படித்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஏரிக்கரைப் பக்கம் யாரிடமாவது மாட்டுவண்டி இருக்கிறதா என்று விசாரிக்கக் கிளம்பினேன்.